பழைய கம்ப்யூட்டர் சிப் சேகரிப்பது எப்படி: எது அரிது, எது விலை போகும், எது வெறும் பளபளப்பு

"மூடி தங்கக் கலர்ல இருக்கு, ரொம்பப் பழசு, எவ்வளவு போகும்?" என்று கேட்டு வாரத்துக்கு ஒருவராவது எனக்குப் போட்டோ அனுப்புகிறார். நானும் ஒரே பதிலைத்தான் அனுப்புகிறேன்: தங்கத்தை விடுங்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது, திருப்பிப் போட்டால் அடியில் என்ன எழுதியிருக்கிறது, இரண்டையும் தெளிவாக எடுத்து அனுப்புங்கள். பாதிப் பேர் அதோடு காணாமல் போய்விடுவார்கள். மீதிப் பேருக்காகத்தான் இது.

பழைய நாணயம் என்றால் வருடம் இருக்கும், ராஜா தலை இருக்கும், கையில் வாங்கியதும் ஓரளவு புரிந்துவிடும். சிப்பில் இருப்பது பொடி எழுத்தில் இரண்டு மூன்று வரி. ஆனால் அந்த இரண்டு மூன்று வரிக்குள் யார் செய்தது, எந்த வாரம் செய்தது, எந்தக் கூட்டில் அடைத்தது, சோதனைக்காகச் செய்ததா விற்பனைக்கா என்பது வரை இருக்கிறது. அதைப் படிக்கப் பழகிவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. மீதிக் கால் பங்குதான் விலை. அதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

முதல் படி: எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்க ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் உங்களிடம் இருப்பது சேகரிப்பு இல்லை, காயலான் கடை. முதல் வருடம் நான் அப்படித்தான் இரண்டு ஷூ டப்பா நிறைய, 74 என்று எண் ஆரம்பிக்கும் சாதாரண லாஜிக் சிப்புகளாகச் சேர்த்தேன். இன்றுவரை அதில் பத்தைக்கூட யாரும் கேட்டதில்லை.

ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. இன்டெல் 4004-இல் தொடங்கி பென்டியம் வரை வரிசையாக வைப்பது ஒரு வழி, ஆனால் முதல் மூன்று படியிலேயே பர்ஸ் காலியாகிவிடும். புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது, ஒரே புராசஸரை எத்தனை கம்பெனிகள் செய்தன என்று தேடிச் சேர்ப்பது. அந்தக் காலத்தில் பெரிய வாடிக்கையாளர்கள் ஒரே ஒரு கம்பெனியை நம்பி ஒரு பாகத்தை வாங்க மாட்டார்கள், இன்னொருவரும் அதையே செய்து தர வேண்டும் என்பார்கள். அதனால் இசட்80 என்ற ஒரே சிப்பை ஜைலாக் மட்டுமில்லாமல் மோஸ்டெக் எம்.கே.3880 என்றும், என்.இ.சி. டி780 என்றும், ஷார்ப் எல்.எச்.0080 என்றும் விற்றார்கள். கிழக்கு ஜெர்மனியில் யாரிடமும் அனுமதி கேட்காமல் யூ880 என்று நகலே எடுத்தார்கள். இதில் பெரும்பாலானவை சில நூறு ரூபாய்தான். தப்பு செய்தாலும் கை சுடாது, அதற்குள் கண் பழகிவிடும்.

இன்னொரு நல்ல கோடு, பிழையோடு வெளிவந்த சிப்புகள். 1987 வாக்கில் இன்டெல் 386-இல் 32 பிட் பெருக்கல் சில சமயம் தப்பாக வருவது தெரிந்தது. சோதித்துத் தேறியவற்றின் மேல் கிரேக்க எழுத்தான சிக்மாவை இரண்டு முறை அடித்தார்கள், தேறாதவற்றின் மேல் '16 பிட் சாஃப்ட்வேருக்கு மட்டும்' என்று அச்சடித்து அப்படியே விற்றார்கள். ஒரு கம்பெனி தன் குறையைத் தானே சிப் மேல் எழுதி விற்ற கதை அடிக்கடி கிடைக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்க அழகாக இருக்கும்.

இரண்டாம் படி: எழுத்தைப் படிப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதுதான். அப்புறம் போன் டார்ச். நேராக அடிக்காதீர்கள், பக்கவாட்டில் தரையோடு தரையாக வெளிச்சத்தைக் கொடுங்கள், மங்கிப் போன எழுத்தும் எழும்பி வரும்.

என் மேஜை மேல் ஒரு இன்டெல் 8088 புராசஸர் கிடக்கிறது, கறுப்பு பிளாஸ்டிக், 40 கால். முதல் வரி பி8088. இரண்டாவது வரி எல்5 என்று ஆரம்பித்து 12, அப்புறம் நாலு இலக்கம். மூன்றாவது வரியில் பதிப்புரிமைக் குறியோடு (©) இன்டெல் '78. இதை விற்றவர் "1978 மாடல் சார், ஒரிஜினல்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்த '78 வடிவமைப்பின் பதிப்புரிமை ஆண்டு. 8088 என்ற சிப் சந்தைக்கு வந்ததே 1979-இல்தான், அப்படியிருக்க 1978-இல் எங்கிருந்து செய்வது? உண்மையான தேதி இரண்டாவது வரியில் இருக்கிறது: முதல் எழுத்து தொழிற்சாலை, அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் வாரம். ஆக, இது 1985-ஆம் ஆண்டு 12-ஆவது வாரம். திருப்பிப் பார்த்தால் மலேசியா. ஈபேயில் "1978 அரிய சிப்" என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இதே கதைதான்.

மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் நாலு இலக்கத் தேதி போட்டார்கள், முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். 7548 என்றால் 1975-இன் 48-ஆவது வாரம். இதில் ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. 7432 என்று பார்த்தால் அது 1974-இன் 32-ஆவது வாரமா, இல்லை 7432 என்ற லாஜிக் சிப்பா? சிப் மேல் இரண்டு நாலிலக்க எண் இருந்தால் எது எது என்று யோசித்துப் படிக்க வேண்டும். வாரம் 53-ஐத் தாண்டாது என்பதை நினைவில் வையுங்கள், 8080 என்ற சிப்பின் எண்ணைத் தேதி என்று நினைத்து "1980 சிப்" என்று எழுதி விற்றவரைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகள். இன்டெலில் சி என்றால் வெள்ளை அல்லது ஊதா செராமிக்கில் தங்க மூடி போட்டது, டி என்றால் இரண்டு செராமிக் தகடுகளைக் கண்ணாடியால் ஒட்டிய சாம்பல் நிறக் கூடு, பி என்றால் பிளாஸ்டிக். மாஸ் டெக்னாலஜி என்ற கம்பெனியில் எம்.சி.எஸ். என்றால் செராமிக், எம்.பி.எஸ். என்றால் பிளாஸ்டிக். மோட்டரோலாவில் எண்ணுக்குப் பின்னால் எல் வந்தால் செராமிக், பி வந்தால் பிளாஸ்டிக்.

சேகரிப்பவருக்கு இன்னும் சுவையான எழுத்துகள் உண்டு. மோட்டரோலாவின் முழுத் தகுதி பெற்ற சிப்புகள் எம்.சி. என்று ஆரம்பிக்கும், அதே சிப் எக்ஸ்.சி. என்று ஆரம்பித்தால் அது இன்னும் முழுச் சோதனை முடியாத ஆரம்பகால உருப்படி. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸில் டி.எம்.எக்ஸ். என்றால் பரிசோதனை நிலை, டி.எம்.பி. என்றால் முன்மாதிரி, டி.எம்.எஸ். என்றால் கடைக்கு வந்தது. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், விலையில் பல மடங்கு வித்தியாசம் வரலாம். விற்பவர் பல சமயம் இதைக் கவனிப்பதே இல்லை. மோட்டரோலாவின் 68000 புராசஸர் பத்து பதினைந்து கிடக்கும் குவியலில் நான் முதலில் தேடுவது எக்ஸ் எழுத்தைத்தான்.

பிற்கால இன்டெலில் எஸ்.எக்ஸ்., எஸ்.எல். என்று ஆரம்பிக்கும் ஒரு குறியீடு இருக்கும், அது எந்தத் திருத்தம், எந்த வேகம் என்று சொல்லும். அந்த இடத்தில் கியூ என்று ஆரம்பித்தாலோ, இ.எஸ். என்று இருந்தாலோ அது பொறியாளர்களுக்குக் கொடுத்த மாதிரி. இவற்றுக்கு நல்ல கிராக்கி. ஆனால் ஒன்று, இந்த மாதிரிகள் தன் சொத்து, விற்பனைக்கு இல்லை என்பதுதான் இன்டெலின் நிலை. முப்பது வருடப் பழையதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் புதிய தலைமுறை மாதிரியை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: கூட்டைப் பார்ப்பது

செராமிக் கூடு செய்யச் செலவு அதிகம். புதிய சிப் வரும்போது எண்ணிக்கை குறைவு, விலை அதிகம், அதனால் செராமிக். எண்ணிக்கை கூடியதும் பிளாஸ்டிக். அதனால்தான் சேகரிப்பவர்கள் வெள்ளையையும் தங்கத்தையும் துரத்துகிறார்கள். அழகும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

4004-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1971 நவம்பரில் விளம்பரப்படுத்தப்பட்ட, உலகின் முதல் வணிக மைக்ரோபுராசஸர் என்று பரவலாகச் சொல்லப்படும் சிப். பிசிகாம் என்ற ஜப்பானிய கால்குலேட்டர் கம்பெனிக்காக ஆரம்பித்த வேலை, 16 கால், 2,300 டிரான்சிஸ்டர். வடிவமைத்த ஃபெடரிகோ ஃபேஜின் தன் பெயரின் முதலெழுத்துகளை உள்ளே சிலிக்கான் மேலேயே பொறித்து வைத்தார். இதே சிப்பில் விலை ஒரு ஏணி. உச்சியில் சி4004, அதிலும் வெள்ளை செராமிக்கின் உள்ளே ஓடும் கம்பித் தடங்கள் சாம்பல் கோடுகளாக வெளியே தெரியும் ஆரம்பகால ரகம். அதற்கு அடுத்து கோடு தெரியாத வெள்ளை, அப்புறம் டி, கடைசியில் பி. சாம்பல் கோட்டு ரகம் நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் டாலரை ஒட்டியும் தாண்டியும் போகும், பிளாஸ்டிக் அதில் ஒரு சின்னப் பங்குதான். உள்ளே இருப்பது ஒரே புராசஸர்!

நாலாம் படி: அரிது வேறு, விலை வேறு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்காக மட்டும் செய்த தனிப்பயன் சிப் உலகத்தில் நூறுதான் மிஞ்சியிருக்கலாம். அதை யாருக்கும் தெரியாது, யாருக்கும் வேண்டாம், ஆகவே விலை இல்லை. 4004 அப்படிப் பார்த்தால் அவ்வளவு அரிதே இல்லை, தேடினால் எப்போதும் யாராவது விற்றுக்கொண்டிருப்பார்கள். ஆனால் அதைத் தேடுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எத்தனை செய்தார்கள் என்பதை விட எத்தனை மிஞ்சியது, மிஞ்சியதை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

6502 இதற்கு நல்ல பாடம். 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சிக்கு மாஸ் டெக்னாலஜியின் சக் பெடில் குழுவினர் இந்தப் புராசஸரைக் கொண்டுவந்தார்கள். விலை 25 டாலர். இன்டெல் 8080-க்கு அப்போது பட்டியல் விலை 360 டாலர் என்றால் யோசித்துப் பாருங்கள். கண்காட்சி அரங்கில் விற்கக் கூடாது என்றதும் பக்கத்து ஓட்டல் அறைக்கு வரச்சொல்லி, கண்ணாடி ஜாடி நிறைய சிப்பைப் போட்டு, மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். அப்படி வாங்கியவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். அதை வைத்து அவர் செய்ததுதான் ஆப்பிளின் முதல் கம்ப்யூட்டரான ஆப்பிள்-1. மொத்தமே சுமார் 200 செய்தார்கள், 2014-இல் ஒன்றை ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது.

சரி, இதனால் நம் சிப்புக்கு என்ன? ஆப்பிள்-1 வைத்திருப்பவர்களும், அதே மாதிரி அச்சு அசலாகக் கட்டிப் பார்ப்பவர்களும் அந்தக் காலத் தேதி போட்ட வெள்ளை செராமிக் மாஸ் 6502 வேண்டும் என்கிறார்கள். 1975, 76 தேதியுள்ள வெள்ளை எம்.சி.எஸ்.6502-இன் விலை ஏறியதற்கு இது பெரிய காரணம். அதிலும் முதலில் வந்த சிப்புகளில் ஆர்.ஓ.ஆர். என்ற ஒரு கட்டளையே சரியாக வேலை செய்யாது, 1976-இல்தான் சரிசெய்தார்கள். அந்தக் குறையுள்ள சிப்புக்குக் கூடுதல் விலை! கூடவே 6501 என்று ஒன்றும் வந்தது, மோட்டரோலா 6800-இன் சாக்கெட்டிலேயே உட்காரும்படி செய்தது. மோட்டரோலா வழக்குப் போட்டதும் பின்வாங்கிவிட்டார்கள். அது உண்மையிலேயே அரிது, நான் கையால் தொட்டதில்லை. இதற்கெல்லாம் பக்கத்தில், எண்பதுகளில் ராக்வெல் செய்த பிளாஸ்டிக் 6502-ஐ வையுங்கள். சில நூறு ரூபாய்.

பிரபலமாக இருப்பதாலேயே விலை வந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்த பென்டியம் வகுத்தல் பிழை உலகமே பேசிய விஷயம். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அந்தச் சிப்பில் 1.33373 வரும். பிழையுள்ளதை மாற்றித் தருவதற்காக இன்டெல் 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது. ஆனால் அந்தச் சிப்பை லட்சக்கணக்கில் செய்திருந்தார்கள், எல்லாரும் மாற்றிக்கொள்ளவும் இல்லை. கதை பெரிது, விலை சின்னது. ஆரம்பநிலையில் வாங்க இதைவிட நல்ல சிப் கிடையாது.

2024-இல் ஜைலாக் பழைய இசட்80-க்கான ஆர்டர் வாங்குவதை நிறுத்தியதும் "இனிமேல் கிடைக்காது" என்று சொல்லி விலையை ஏற்றிப் போட்டவர்கள் உண்டு. நாற்பது வருடத்துக்கு மேலாகச் செய்த சிப், உலகம் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. ஏமாறாதீர்கள்.

ஐந்தாம் படி: நிலை

கால்கள் நேராக, முழு நீளத்தில் இருக்க வேண்டும். போர்டிலிருந்து வெட்டி எடுத்து கால் குட்டையாகிவிட்டால் மதிப்பு பாதிக்குக் கீழே. ஈயம் ஒட்டியிருந்தால் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. செராமிக் மூலை உடைந்திருக்கிறதா, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள். எழுத்து முழுசாக இருக்க வேண்டும், எழுத்து அழிந்த சி4004 என்பது பெயர்ப்பலகை இல்லாத கடை.

எழுபதுகளின் சிப்புகளில் பலவற்றுக்கு வெள்ளி முலாம் பூசிய கால். கறுத்துப் போயிருக்கும், அது துரு இல்லை, வெள்ளிக் கொலுசு கறுப்பது மாதிரிதான். பிரஷ் வைத்துத் தேய்க்காதீர்கள். நான் ஒரு தடவை அழிரப்பரால் தேய்த்து மூன்று காலை ஒடித்தேன், இப்போது அது பேப்பர் வெயிட்.

வேலை செய்கிறதா? சேகரிப்பவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. சோதிப்பதாக இருந்தால் நெம்புகோல் வைத்த, அழுத்தமில்லாத சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள், சாதா சாக்கெட் காலில் கீறல் போடும். இசட்80-க்கு டேட்டா கால்களை எல்லாம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டில் கட்டிவிட்டால் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையையே படித்துக்கொண்டு முகவரிகளை எண்ணிக்கொண்டே போகும், மேல் முகவரிக் கால் ஒன்றில் எல்.இ.டி. வைத்தால் மினுக்கும். 8080-ஐ அனுபவம் இல்லாமல் தொடாதீர்கள், அதற்கு மூன்று விதமான மின்னழுத்தம் வேண்டும், மைனஸ் 5 வோல்ட் முதலில் வராவிட்டால் சிப் போய்விடலாம்.

ஆறாம் படி: போலி

ஒரு முறை இணையத்தில் ஒருவரிடம் ஆரம்பகால இசட்80 ஒன்று வாங்கினேன். மேலே பளிச்சென்று வெள்ளை எழுத்து. வந்ததும் லூப்பில் பார்த்தால் மேற்பரப்பு மட்டும் மற்ற பக்கங்களை விடச் சொரசொரப்பு, மேலேயுள்ள வட்டக் குழியின் அடியும் கறுப்பாக நிரம்பியிருந்தது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஓரத்தில் ஒத்தினேன். கறுப்பு மை பஞ்சோடு வந்தது, அடியில் வேறொரு எண்ணின் மிச்சம். பணம் திரும்பி வரவில்லை. அந்தத் தேதியையாவது முதலில் படித்திருக்கலாம்: 7544 என்று போட்டிருந்தது, இசட்80 வெளிவந்ததோ 1976-இல்.

அசிட்டோன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, உண்மையான பழைய சிப்பிலும் எழுத்து மையால் அச்சடித்தது என்றால் அசிட்டோன் அதையும் துடைத்துவிடும். சில பழைய அச்சு கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே போய்விடும். எழுத்து இல்லாத ஓரத்தில் மட்டும் ஒத்திப் பாருங்கள்.

வெள்ளை செராமிக்கில் வேறு தந்திரம். 40 கால் வெள்ளை செராமிக் சிப் எத்தனையோ ரகம் இருக்கிறது. விலை போகாத ஒன்றின் எழுத்தை அழித்துவிட்டு 6502 என்று அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்? மூடியின் அளவு, முதல் காலைக் காட்டும் குறியின் வடிவம், அடியில் உள்ள எழுத்து மூன்றையும் சந்தேகமில்லாத சிப்பின் போட்டோவோடு ஒப்பிடுங்கள். எழுத்தைச் சுற்றி மட்டும் செராமிக் அதிக வெள்ளையாக இருந்தால் கிளம்பிவிடுங்கள். அடிப்பக்கப் போட்டோ தர மறுப்பவரிடம் பேரமே வேண்டாம்.

ஏழாம் படி: எங்கே தேடுவது

சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சுற்றலாம், ஆனால் மெயின் கடைகளில் எதுவும் சிக்காது. பழைய போர்டுகளை மூட்டையாகப் போட்டு வைத்திருக்கும் சின்னக் கடைகளும், ஊர் ஓரக் காயலான் கடைகளும்தான் இடம். பழைய தொழிற்சாலை மெஷின் கன்ட்ரோல் போர்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டு, ஆய்வகக் கருவிகள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இதிலெல்லாம் எண்பதுகளின் சிப் தூங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் எடைக்கு வாங்கியதற்கு நீங்கள் எடை விலையை விடக் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், அடுத்த முறை அவரே போன் செய்வார். "இது பெரிய விலை போகும் அண்ணா" என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள், அடுத்த நாளிலிருந்து எல்லாமே பெரிய விலைதான்.

நமக்குப் போட்டி இன்னொரு சேகரிப்பாளர் இல்லை, தங்கம் உருக்குபவர். பென்டியம் புரோ மாதிரி தங்கம் அதிகமுள்ள செராமிக் சிப்புகள் டெல்லி சீலம்பூர் போன்ற இடங்களில் அமிலத்தில் போய்க் கரைந்துகொண்டே இருக்கின்றன. அதனால் அவற்றுக்கு ஒரு அடிமட்ட விலை உண்டு, சேகரிப்பாளர் தராவிட்டாலும் உருக்குபவர் தருவார். வீட்டில் அந்த வேலையைச் செய்து பார்க்காதீர்கள், அமிலப் புகை நுரையீரலுக்கு நல்லதில்லை, கிடைக்கும் தங்கம் டீச் செலவுக்குக் காணாது. செராமிக்கைத் தேய்ப்பதும் உடைப்பதும் வேண்டாம், சில பழைய உயர்சக்தி ரேடியோ பாகங்களில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அதன் தூசி விஷம்.

போர்டிலிருந்து எடுக்கும்போது சாக்கெட்டில் இருந்தால் இரண்டு முனையையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். ஈயம் வைத்திருந்தால் ஒவ்வொரு காலாக உறிஞ்சு பம்ப்பால் எடுங்கள். செராமிக்கை ஒரே பக்கம் ஹீட் கன்னால் சுட்டால் விரிசல் விடும். பொறுமையில்லை என்றால் போர்டோடு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு சேகரிப்புதான்.

ரஷ்யச் சிப்புகளும் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும். 8080-இன் சோவியத் நகலான கே.ஆர்.580.வி.எம்.80.ஏ. என்னிடம் இருக்கிறது. அங்கே கால் இடைவெளி 2.54 இல்லை, 2.5 மில்லிமீட்டர். நாற்பது காலில் ஒரு பக்கத்துக்கு 19 இடைவெளி, கடைசிக் காலுக்குப் போவதற்குள் முக்கால் மில்லிமீட்டர் விலகியிருக்கும். நம் சாக்கெட்டில் வைத்து அழுத்தும்போதுதான் விரலுக்குத் தெரியும்.

எட்டாம் படி: விலை

ஈபேயில் போட்டிருக்கும் விலை ஆசை. 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள், அதுதான் விலை. அதே எண், அதே கூடு, நெருங்கிய தேதி, அதே நிலை. நாலும் ஒத்துப்போகும் விற்பனை குறைந்தது மூன்று கிடைத்தால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வீம்புக்கு ஏற்றிய ஒரு ஏலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் தபாலும் கஸ்டம்ஸ் வரியும் சேர்ந்து சிப்பை விட அதிகமாகிவிடும், அதனால் ஒரே விற்பவரிடம் நாலைந்தைச் சேர்த்து வாங்குவது என் வழக்கம். விற்பவர் தேதி படிக்கத் தெரியாதவர் என்றால் உங்களுக்கு லாபம், நீங்கள் விற்கும்போது படிக்கத் தெரிந்தவராக இருந்தால் அதுவும் லாபம்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு

பழைய சிப்போடு வரும் கறுப்பு நுரையை உடனே தூக்கிப் போடுங்கள். வருடங்கள் போனால் அது பிசுபிசுவென்று இளகி, கால்களோடு ஒட்டி அரித்துவிடும். அதே மாதிரி மின்சாரம் கடத்தும் புதிய நுரை போடுங்கள், சில வருடத்துக்கொரு முறை மாற்றுங்கள். தெர்மாகோலில் குத்தி வைக்கவே கூடாது, அதன் நிலைமின்சாரம் பழைய சிப்புகளுக்கு எமன். நம் ஊர் ஈரப்பதத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

ஜன்னல் வைத்த இப்ரோம் சிப்புகளை (புற ஊதா ஒளியால் அழித்துத் திரும்ப எழுதும் நினைவகச் சிப்) வெயிலில் வைத்துப் போட்டோ எடுக்கும் ஆசை எனக்கும் உண்டு, உள்ளே சிலிக்கான் ஜொலிக்கும். ஆனால் நேர் வெயிலில் ஒரு வாரம், டியூப்லைட்டில் சில வருடம், உள்ளே இருக்கும் டேட்டா அழிந்துவிடும் என்று தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜன்னல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிக்கும் முன் உள்ளே இருப்பதை ஒரு புரோகிராமர் கருவியில் படித்துச் சேமித்துவிடுங்கள். சில சமயம் சிப்பை விட அதற்குள் இருக்கும் புரோகிராம்தான் அரிது.

நோட்டில் எழுதி வையுங்கள்: எங்கே, எப்போது, எந்த மெஷினிலிருந்து, எவ்வளவுக்கு. பத்து வருடம் கழித்து விற்கும்போது அந்த ஒரு வரிக்காகவே கூடக் கொடுப்பவர் வருவார்.

எனக்கு இன்னும் கிடைக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபில் மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் (எஸ்.சி.எல்.) என்ற அரசு நிறுவனம் 1984-இல் சிப் உற்பத்தியைத் தொடங்கியது, 1989 பிப்ரவரியில் பெரும் தீ விபத்து, ஆலை எரிந்துபோனது. இடையில் இருந்தது ஐந்தே வருடம். அந்தத் தேதிகளில் எஸ்.சி.எல். முத்திரையோடு வந்த எதுவாக இருந்தாலும் சரி, கடிகாரச் சிப்பாக இருந்தாலும் சரி, வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அது பெரிய விஷயமில்லை, எனக்கு விஷயம். வீட்டுப் பரணில் பழைய போர்டு ஏதாவது கிடந்தால் எடைக்குப் போடும் முன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஒரு தடவை படித்துப் பாருங்கள்.